காற்றுக்கு ஒரு நாள்

கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே இருக்கிற டெமாகமி ஏரிக்கு மீன் பிடிக்க முதல்தரம் போனபோது நாங்கள் நாலு பேர். ஸ்காபரோவில் ஒரே தெருவில் இருக்கிற ஒரு அண்ணை, என் மச்சான், அவனுடைய சிநேகிதன், நான். 14 அடி அலுமினிய வள்ளம், 9.9 குதிரைவலு எஞ்சின். மே மாத நீண்ட வார இறுதி. வெள்ளி போய், திங்கள் பின்னேரம் வீட்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டோம். வந்து சேர்ந்தது செவ்வாய் பின்னேரம். இடையில் போன அந்த ஒரு இரவில் என் மனைவி நித்திரை கொள்ளவில்லை.

பிறகும் ஒவ்வொரு வருடமும் போகிறோம். இப்போது ஏழு தரம் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் பலர் சின்ன வள்ளம் வாங்கி வடக்கே போகத் தொடங்கியிருக்கிறார்கள். போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தத் தூண்டில், எந்த இரை, எங்கே மீன் பிடிபடும் என்றுதான். எப்படித் திரும்பி வருவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றர். 11ஆம் நெடுஞ்சாலையில் நோர்த் பே தாண்டி இன்னும் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். ஏரியை வரைபடத்தில் பார்த்தால் விரல்களை விரித்து வைத்த கை போல இருக்கும். நடுவில் அகன்ற நீர்வெளி, அதிலிருந்து நாலாபுறமும் நீண்டு போகும் கைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். நடுவில் இருக்கிற பெயார் தீவு அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுடைய ஊர். 'டெமாகமி' அவர்களுடைய சொல். கரையோரமே ஆழமான நீர் என்று அர்த்தம் சொல்கிறார்கள். அந்தப் பெயரை நான் ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன். பல இடங்களில் பாறையிலிருந்து ஒரு எட்டு வைத்தால் கால் நிலத்தில் படாது. நங்கூரக் கயிறு 15 மீற்றர் இருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆனால் சில பாறைகளுக்குப் பக்கத்தில் அவ்வளவையும் விட்டும் நங்கூரம் அடியைத் தொடவில்லை. இப்போது 40 மீற்றர் வைத்திருக்கிறோம்.

அரச காணியில் கூடாரம் அடிப்பதற்குக் கனடாவில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு இடத்தில் ஒரு வருடத்தில் 21 நாள் வரை தங்கலாம். மாகாணப் பூங்காக்களுக்கு இது பொருந்தாது, அங்கே அனுமதி எடுக்க வேண்டும். எந்தக் கரை எதற்குள் வருகிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி சுமை. இதை நீட்டித்தான் சொல்லப் போகிறேன், எங்கள் பிழை இங்கேதான் தொடங்கியது.

வள்ளத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். எங்கள் தகட்டில் 4 பேர் என்றும் மொத்தம் 410 கிலோ என்றும் போட்டிருந்தது. 4 பேர் என்பதை மட்டும் வாசித்தோம். அந்த 410 கிலோவுக்குள் ஆட்கள், எஞ்சின், பெற்றோல், சாமான் எல்லாமே அடக்கம். வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைத் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். நாலு பேரும் 320. எஞ்சின் 40. 37 லீற்றர் பெற்றோல் 27. ஐஸ் பெட்டி, கூடாரங்கள், படுக்கைப் பைகள், சாப்பாடு, சட்டி பானை, தூண்டில் பெட்டி எல்லாம் சேர்ந்து 110. கூட்டினால் 497. தகட்டில் இருந்ததை விட ஏறத்தாழ 90 கிலோ கூட. துறையில் தள்ளிவிட்டபோது வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினோம். ஏரி அசையாமல் கிடந்தது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது மூன்று பேர்தான் போகிறோம். நாலாவது ஆள் வர விரும்பினால் இரண்டாவது வள்ளம் வர வேண்டும். மூன்று பேருக்கு 240, எஞ்சினும் பெற்றோலும் 67, சாமான் 85, மொத்தம் 392. சாமானைக் குறைப்பது கஷ்டமாகவே இருக்கவில்லை. இரண்டு கூடாரத்துக்குப் பதில் ஒன்று. தண்ணீர்ப் போத்தல் கட்டுகளுக்குப் பதில் ஒரு வடிகட்டி, அடுப்பு இருக்கிறது, கொதிக்க வைக்கலாம். இரும்புச் சட்டி வீட்டில் நிற்கட்டும். பாரமானதை நடுவில், அடியில் வையுங்கள். முன்பக்கத்தில் அடுக்கினால் மூக்கு தாழ்ந்து அலையைக் குத்தும்.

பருத்தித்துறையில் என் பெரியப்பா ஆயுள் முழுக்கக் கடலில் நின்றவர். அந்தப் பயணம் முடிந்து வந்து அவரோடு தொலைபேசியில் கதைத்தபோது முதல் கேள்வியாக அவர் கேட்டது, "போகேக்கை என்ன காத்து?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் போன அன்று காற்று இருந்ததாகவே நினைவில்லை. "அப்ப காத்து உங்களுக்குப் பின்னாலை நிண்டிருக்கு. பின்னாலை நிண்டா தெரியாது, திரும்பேக்கைதான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. நாங்கள் கூடாரம் அடித்தது வடக்குக் கையில், துறையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில். அந்தப் பக்கம் நல்ல நாட்களில் அநேகமாகத் தென்மேற்கிலிருந்துதான் காற்று வரும், ஊர்ச் சொல்லில் சோளகம். போகும்போது அது எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. மூன்று நாள் தீவுகளுக்குப் பின்னால் ஒதுங்கி மீன் பிடித்தோம், அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. திங்கள் காலை ஆறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டு, கூடாரத்தைக் கழற்றி, 11 மணிக்கு வெளிக்கிட்டோம்.

கை முடிந்து நடு ஏரி திறக்கிற முனையைத் தாண்டினவுடன் முதல் அலை முன்பக்கத்தில் அடித்து முகத்தில் தெறித்தது. அதை எல்லோரும் சிரிப்போடு துடைத்தோம். இரண்டாவது அலை உள்ளே வந்தது. மூன்றாவதோடு கணுக்கால் அளவு தண்ணீர், ஐஸ் பெட்டி இருந்த இடத்தை விட்டு நகர்ந்து என் முழங்காலில் இடித்தது. அலை உயரம் இரண்டடிதான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் வள்ளம் மூச்சு விட நேரமில்லை. கடல் அலை நீண்டு வரும், வள்ளம் அதில் ஏறி இறங்கும். ஏரி அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி வந்து குத்தும். கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஏரி என்றால் குளம் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் அந்த முனையில் போய்விட்டது.

எஞ்சினைப் பிடித்திருந்தது அண்ணை. திருப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் திரும்பும்போது வள்ளம் ஒரு கணம் அலைக்குப் பக்கவாட்டில் நிற்கும், அந்த நேரத்தில் ஒரு அலை ஏறினால் முடிந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, மூக்கை அலைக்குச் சற்றுச் சரிவாகப் பிடித்துக்கொண்டு, பெரிய அலைகள் மூன்று போகும்வரை பொறுத்தார். பிறகு வந்த சின்ன இடைவெளியில் ஒரே இழுப்பில் திருப்பினார். மச்சான் அடி வெட்டின பால் போத்தலால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். அந்தப் போத்தலைக் கயிறு கட்டி இருக்கையோடு முடிந்து வைத்திருந்தோம். முடிந்து வைக்காவிட்டால் அது முதல் அலையோடு போயிருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு தீவின் மறைவுக்குள் வந்தோம். வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் பார்த்தால் என் கைவிரல்கள் மடங்கவில்லை.

மே மாதத் தண்ணீர். பனிக்கட்டி கரைந்து அதிக நாள் ஆகாத ஏரி. குளிர் தண்ணீரில் விழுந்தவனுக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அந்த 10 நிமிடம் முடிந்தபின் நீந்தத் தெரிந்தவனும் நீந்த முடியாது, மிதப்பு அங்கி உடம்பில் இருந்தால்தான் அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கும். ஆளுக்கொன்று வள்ளத்தில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். எங்கள் வள்ளத்தில் அங்கி போட்டு அதன் சிப்பைப் பூட்டிய பிறகுதான் எஞ்சின் இழுக்கப்படும். வயது மூத்தவர் என்றாலும் விதிவிலக்கு இல்லை. அதேபோல, எஞ்சின் பிடிக்கிறவர் அதை நிறுத்தும் சுருள் கயிற்றைத் தன் உடம்பில் கொளுவ வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும், வள்ளம் அவரை விட்டுப் போகாது.

அன்று பின்னேரம் காற்று விடும் என்று பார்த்திருந்தோம், விடவில்லை. அரைப் பாண், கொஞ்சம் சீனி, தேயிலை, இரண்டு வெங்காயம். நாங்கள் நின்ற இடத்தில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. பசி பெரிய விஷயமாக இருக்கவில்லை. வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதுதான் நெஞ்சை அரித்தது. இரவு ஒரு மணி போலக் காற்று அடங்கியது. விடிய ஐந்து மணிக்கு ஏரி கண்ணாடி. முந்தின நாள் எங்களை விழுங்கப் பார்த்த அதே நடு ஏரியைச் சத்தமில்லாமல் கடந்தோம்.

அங்கே வீட்டில் மனைவி திங்கள் இரவு 11 மணிக்குப் பொலிசுக்கு எடுத்திருக்கிறாள். அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். வள்ளம் என்ன நிறம்? வாகனம் எந்தத் துறையில் நிற்கிறது? எத்தனை பேர்? ஏரியின் எந்தப் பக்கம் கூடாரம்? "டெமாகமி" என்ற ஒரு சொல்லைத் தவிர அவளிடம் நான் எதையும் விட்டுப் போகவில்லை. துறையிலிருந்து நான் எடுத்தபோது அவள் கோபப்படவில்லை. "சரி, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சில நாள் என்னால் அவள் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வள்ளத்தின் நிறமும் நீளமும், வாகன இலக்கம், எந்தத் துறை, போகிறவர்களின் பெயர், வரைபடத்தில் வட்டம் போட்ட கூடார இடம், அது பிடிக்காவிட்டால் போகிற இரண்டாவது இடம். கீழே இரண்டு நேரங்கள். ஒன்று நாங்கள் வர எண்ணியிருக்கிற நேரம். மற்றது, அதற்குள் தகவல் வராவிட்டால் பொலிசைக் கூப்பிட வேண்டிய நேரம். இரண்டுக்கும் இடையில் 24 மணித்தியாலம். இந்த இடைவெளி இருப்பதால்தான் காற்றடிக்கும்போது நாங்கள் தைரியமாகக் கரையில் நிற்கிறோம். வீட்டில் பதறுவார்கள் என்ற எண்ணமே அன்று எங்களை 11 மணிக் காற்றுக்குள் தள்ளியது. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்புகிற கருவி ஒன்றும் மூன்றாவது வருடம் பங்கு போட்டு வாங்கினோம். அது வந்தபிறகும் தாளை நிறுத்தவில்லை. கருவியின் பற்றரி இறங்கலாம்.

ஆகவே திட்டம் போடும்போது நான் தொடங்குவது கடைசி நாளிலிருந்து. வேலைக்குப் போக வேண்டிய நாள் எது? அதற்கு முந்தின நாளைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள், அந்த நாளில் ஒன்றும் வைக்காதீர்கள். அதற்கு முந்தின நாள்தான் திரும்பும் நாள். மூன்று நாள் மீன் பிடிக்க ஆசையென்றால் ஐந்து நாள் லீவு எடுங்கள். லீவு இல்லையென்றால் கிட்ட இருக்கிற ஏரிக்கு, நடு ஏரியைக் கடக்கத் தேவையில்லாத இடத்துக்குப் போங்கள். அங்கேயும் மீன் இருக்கிறது. அந்த வெற்று நாளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டுங்கள். அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு போதும்.

கடக்கிற நேரம் விடியற்காலை. 6 மணிக்கு வள்ளம் தண்ணீரில் நிற்க வேண்டும், காற்று எழும்புவது பெரும்பாலும் பத்து பதினொன்றுக்குப் பிறகுதான். முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 15 கிலோமீற்றருக்குள் என்றால் போவோம். 25 என்றால் தேநீர் வைப்போம். இடைப்பட்டதற்குக் கண்தான் அளவு. அலைத் தலைகள் அங்கங்கே வெளுக்கத் தொடங்கினால் எங்கள் அளவு வள்ளத்துக்கு அது போதாத நேரம்.

பெற்றோலை மூன்று பங்காகப் பிரிப்போம். ஒரு பங்கு போவதற்கும் சுற்றுவதற்கும், ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் கிடக்க. போகும்போது 6 லீற்றர் குடித்த எஞ்சின், எதிர்காற்றில் அதே தூரத்துக்கு 9 லீற்றர் குடித்ததை ஒரு வருடம் அளந்து பார்த்திருக்கிறேன். உதிரியாக ஒரு ஸ்பார்க் பிளக், தண்ணீரைத் தள்ளுகிற எஞ்சின் விசிறி ஒன்று, அதன் ஊசிகள், அதைக் கழற்றும் சாவி. நாலாவது வருடம் விசிறி பாறையில் பட்டு உடைந்தது, கரையில் வைத்து அரை மணித்தியாலத்தில் மாற்றினோம். துடுப்பு இரண்டு.

வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிக்கிற துளைக்கு ஒரு அடைப்பான் உண்டு. 2022 முதல் ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தெருவில் கொண்டுபோக முன் அதைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கிற செடிகளைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு ஏரியின் அந்நிய உயிரினம் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது என்பதற்காக. தேவையான சட்டம். ஆனால் கழற்றியதை மறந்து வள்ளத்தை இறக்கிவிடுவார்கள், துறைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். நான் அடைப்பானை வாகனச் சாவி வளையத்தில் கொளுவி வைக்கிறேன். வாகனத்தை நிறுத்திச் சாவியை எடுக்கும்போது அது கையில் வந்துவிடும்.

பத்திரங்கள்: மீன்பிடி அனுமதி ஆளுக்கொன்று, எஞ்சின் ஓட்டுபவருக்கு வள்ளம் ஓட்டும் அட்டை. எஞ்சின் 10 குதிரைவலு அல்லது மேல் என்றால் வள்ளத்துக்கும் இலக்கம் வேண்டும். விசில், தண்ணீர் புகாத ரோச் லைற், எறிகயிறு என்று பட்டியல் இருக்கிறது, அதை அப்படியே வாங்கி ஒரு வாளியில் போட்டு வள்ளத்திலேயே வையுங்கள். மது வள்ளத்தில் ஏறக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மீன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒன்ராறியோவை 20 மீன்பிடி வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண்ணிக்கை, நீளம், காலம் எல்லாம் வலயத்துக்கு வலயம் மாறும், சில ஏரிகளுக்குத் தனி விதியும் உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு ஒரு நாள் அளவு எதுவோ அதுதான் நீங்கள் மொத்தமாக வைத்திருக்கக்கூடிய அளவும். வீட்டு உறைபெட்டியில் கிடக்கிற மீனும் அந்தக் கணக்கில் வரும். மூன்று நாள் போனால் மூன்று மடங்கு கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விடுங்கள், என்ன மீன் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். உயிரிரைக்கும் வலய விதி உண்டு, ரொறொன்ரோவில் வாங்கிய சின்ன மீன்களை அங்கே கொண்டுபோக முடியாது. நாங்கள் ரப்பர் வால் வைத்த ஈயத் தலைத் தூண்டிலோடுதான் நிற்கிறோம். பொழுது சாய்கிற நேரம் பாறை முனை ஆழத்துக்குள் இறங்குகிற இடத்தில் அதை அடியில் தட்டித் தட்டி இழுத்தால் பிக்கரல் என்கிற மீன் பிடிபடும்.

பிக்கரல் சதை வெள்ளை, மெல்லியது. மஞ்சளும் உப்பும் தூளும் பிரட்டிப் பொரித்தால் வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் எங்கள் சமையல் வாசம் காட்டுக்குள் தூரம் போகும், அங்கே கருங்கரடி உண்டு. மீன் வெட்டுவதும் பொரிப்பதும் கூடாரத்திலிருந்து தள்ளி வேறொரு பாறையில். சாப்பாட்டுப் பை, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் 4 மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளித் தொங்க வேண்டும். மீன் பொரிக்கும்போது போட்டிருந்த சட்டையோடு கூடாரத்துக்குள் படுக்காதீர்கள், அதையும் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

மே மாதம் இப்போது போவதில்லை. பிக்கரல் பிடிக்கிற காலம் திறப்பது மே மாத மூன்றாவது சனி, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் குளிர், அதோடு கறுப்பு ஈ யூன் கடைசி வரை காதுக்குப் பின்னால் சதையைப் பிய்க்கும். செப்டெம்பர் முதல் இரண்டு கிழமைகள்தான் எங்கள் காலம். ஈயும் நுளம்பும் இல்லை, தண்ணீரில் கோடை வெப்பம் இன்னும் கொஞ்சம் இருக்கும், தீவுகளில் ஆளில்லை.

போன வருடம் திரும்பும் நாளன்று காலை நாலு மணிக்கே மரங்கள் இரையத் தொடங்கிவிட்டன. சாமானைக் கட்டவேயில்லை. கருவியில் வீட்டுக்கு ஒரு வரி அனுப்பினோம்: 'காற்று. இன்று நிற்கிறோம்.' மனைவியிடமிருந்து 'சரி' என்று வந்தது. பருப்பு அவித்து, கருவாடு பொரித்து, பகல் முழுக்கப் பாறையில் படுத்துக் கிடந்து, நடு ஏரி வெளுத்துப் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் தன் அப்பாவைப் பற்றி அன்றுதான் முதல்தரம் என்னோடு கதைத்தான். பொழுது பட்டும் காற்று விடவில்லை, போய்ப் படுத்துவிட்டோம்.

விடிய ஐந்தரைக்குக் கூடாரத்துக்கு வெளியே அண்ணையின் குரல்.

"தம்பியவை, எழும்புங்கோ. காத்து விட்டிட்டுது."